74 ஸ்லைடு வந்திருக்கிறது, 20 நிமிடப் பாடம் வேண்டும்: வீட்டிலிருந்து வேலை செய்யும் பாட வடிவமைப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

வேலை பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். மின்னஞ்சலில் 74 ஸ்லைடு கொண்ட ஒரு பிபிடி, கூடவே ஒரு வரி: "இதை இ-லேர்னிங்காக மாற்றித் தர வேண்டும், 20 நிமிடத்துக்குள்." அனுப்பியவர் வேறு ஊரில் இருக்கிறார். பாடத்தைப் படிக்கப்போகிறவர்களை நீங்கள் நேரில் பார்க்கப்போவதே இல்லை. 74 ஸ்லைடையும் அழகுபடுத்தி, குரல் சேர்த்து, கடைசியில் பத்துக் கேள்வி வைத்து அனுப்பினாலும் பணம் வந்துவிடும். ஆனால் படித்தவர்கள் மறுநாள் வேலையில் எதையும் மாற்றிச் செய்ய மாட்டார்கள்.

படிப்பவர் தன் வேலையிடத்தில் எந்தெந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த முடிவை ஆபத்தில்லாத ஓர் இடத்தில் எடுத்துப் பழக வைப்பதுதான் பாட வடிவமைப்பாளரின், அதாவது இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனரின், வேலை. கீழே சொல்லும் எல்லாமும் இதிலிருந்து வருவதுதான்.

பேச எளிதாக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். அதன் லைன் சூப்பர்வைசர்களுக்கு, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி ஒரு பாடம் வேண்டும். 'போஷ் டிரெயினிங்' என்று நிறுவனங்கள் கேட்பது இதைத்தான். விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துவது சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி முதலாளியின் கடமை. அதனால் இந்த வேலைக்குத் தேவை எப்போதும் உண்டு. கடமைக்குச் செய்து முடிக்கப்படும் பாடங்களில் முதலிடமும் இதற்குத்தான். அது வருத்தமான விஷயம். நன்றாகச் செய்தால் ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றக்கூடிய பாடம் இது.

ஒப்புக்கொள்வதற்கு முன்

முதல் கேள்வி: இது பயிற்சியால் தீரக்கூடிய சிக்கல்தானா? 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் இந்தப் புகார்களை வாங்கி விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழுவே இல்லை, அல்லது குழுவில் இருப்பவர் யார் என்று தொழிலாளர்களுக்குத் தெரியவில்லை என்றால், எவ்வளவு நல்ல பாடமும் உதவாது. படிப்பவர் கடைசியில் "சரி, யாரிடம் போவது?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். குழு உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், அறிவிப்புப் பலகையின் புகைப்படம் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். வரவில்லை என்றால் அதை எழுத்தில் தெரிவியுங்கள். இது தேவையற்ற தலையீடு அல்ல, பாடத்தின் மூலப்பொருள்.

இன்னும் நான்கு விஷயங்களும் உடனே தெரிய வேண்டும். எந்தக் கருவியில் படிப்பார்கள்: சொந்த ஃபோனா, மனிதவள அறையில் இருக்கும் ஒரே கணினியா? ஹெட்ஃபோன் உண்டா? எந்த எல்எம்எஸ் (பாடத்தை ஏற்றி, யார் முடித்தார் என்று பதியும் மென்பொருள்), அது ஸ்கார்மின் (பாடமும் எல்எம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும் பொதுத் தரம்) எந்தப் பதிப்பை ஏற்கும்? எந்தெந்த மொழி? திருப்பூரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் ஏராளம். இன்று தமிழ் மட்டும் என்று தொடங்கும் பாடம் மூன்று மாதத்தில் இந்தியும் ஒடியாவும் கேட்கும்.

வல்லுநரிடம் கேட்கும் 45 நிமிடம்

பொருள் தெரிந்தவரைத் துறையில் 'ஸ்மீ' என்பார்கள். இங்கே அவர் மனிதவள மேலாளராகவோ, குழுவின் வெளி உறுப்பினராகவோ, ஒரு வழக்கறிஞராகவோ இருக்கலாம். அலுவலகத்தில் என்றால் தேநீர் நேரத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குக் கிடைப்பது ஒரு வீடியோ அழைப்பு, அதுவும் 45 நிமிடம். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். கேள்விகளை முந்தைய நாளே அனுப்புங்கள்.

"இந்தப் பாடத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் சட்டப் பிரிவுகள் வரிசையாக வரும். அவை பிபிடியிலேயே இருக்கின்றன. இப்படிக் கேளுங்கள்:

– ஒரு பெண் சூப்பர்வைசரிடம் வந்து சொன்னால், அவர் முதல் ஐந்து நிமிடத்தில் வழக்கமாக என்ன செய்கிறார்? (ஆள், பெயர் வேண்டாம்.)
– அதில் எது நிலைமையை மோசமாக்குகிறது?
– நல்ல மனதோடு செய்யும் தவறு எது?
– சரியாகச் செய்ய விடாமல் அவரைத் தடுப்பது எது: பயமா, ஷிப்மென்ட் அவசரமா, குற்றம் சாட்டப்பட்டவர் உறவுக்காரர் என்பதா?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் தங்கம். இந்த எடுத்துக்காட்டில் அது அநேகமாக, "இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்துப் பேசித் தீர்த்துவிடுவார்" என்பதாக இருக்கும். தீய எண்ணமே இல்லாத ஒருவர், ஊர்ப் பெரியவர் செய்வதைப் போலச் செய்கிறார். சட்டமோ சமரசத்தைக் குழுவின் கையில் மட்டும், பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டால் மட்டும், விசாரணை தொடங்கும் முன் மட்டும் அனுமதிக்கிறது. பணத்தை அடிப்படையாக வைத்த சமரசம் அப்போதும் கூடாது. சூப்பர்வைசருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் பாடம் உட்கார வேண்டும்.

முடிந்தால் இரண்டு சூப்பர்வைசர்களிடமும் பத்துப் பத்து நிமிடம் ஃபோனில் பேசுங்கள். அவர்கள் பேச்சு வழக்கு, ஷிஃப்ட் நேரம், எந்தப் பகுதியை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது.

குறிக்கோளை எழுதுவது

"சட்டத்தின் முக்கிய அம்சங்களைப் புரிந்துகொள்வார்" என்பது குறிக்கோள் அல்ல. புரிந்துகொண்டாரா என்று யாரும் பார்க்க முடியாது. பயிற்சிக் குறிக்கோள்கள் பற்றி எழுதிய ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன மூன்று பகுதி இன்றும் போதும்: என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவுக்குச் சரியாக.

"தன் லைனில் வேலை செய்யும் பெண் துன்புறுத்தல் பற்றிச் சொல்லும்போது, அதே ஷிஃப்டுக்குள், தானே விசாரிக்காமலும் மற்றவரிடம் சொல்லாமலும், உள்ளகக் குழுவிடம் போக வழிகாட்டுவார்." இப்போது இதைப் பார்க்கலாம், சோதிக்கலாம். 20 நிமிடப் பாடத்துக்கு இப்படி மூன்று குறிக்கோள் போதும். நான்காவது வந்தால் அது வேறு பாடம்.

குறிக்கோள்கள் கையில் வந்ததும் 74 ஸ்லைடையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது தெரியாவிட்டால் சூப்பர்வைசர் எந்த முடிவைத் தவறாக எடுப்பார்? பதில் இல்லை என்றால் அந்த ஸ்லைடு பாடத்துக்கு வெளியே. புகாரைக் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது உள்ளே வரும். "பொறு, தீபாவளி போனஸ் முடியட்டும்" என்று தள்ளிப்போடுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். குழுவின் ஆண்டறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது வெளியே போகும். வெளியே போனதை எறிய வேண்டாம். தரவிறக்கிக்கொள்ள இரண்டு பக்கக் கையேடாக்குங்கள். "என் ஸ்லைடுகளை வெட்டிவிட்டார்கள்" என்ற மனக்குறையும் வராது.

சூழலை எழுதுவது

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கே ஒதுக்குங்கள். படிப்பவரின் கவனத்தை இழுப்பது அனிமேஷனோ, புள்ளிகளோ, பதக்கமோ அல்ல. "இது என் லைனில் நடக்கிறது" என்ற எண்ணம் வர வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று ஒரு கணம் தடுமாற வேண்டும்.

ஒரு சூழலைப் பாருங்கள்.

*மாலை 5.40. நாளை ஷிப்மென்ட். ஓவர்லாக் மிஷினில் இருக்கும் செல்வி உங்கள் மேஜைக்கு வருகிறார்.*

*"அண்ணா, நாளையிலிருந்து கம்பெனி பஸ்ல வரலீங்ணா. டவுன் பஸ் புடிச்சு வந்துக்கறேன்."*

*"ஏம்மா, என்னாச்சு?"*

*"ஒன்னுமில்லீங்ணா… பேக்கிங்ல ஒருத்தரு தினமும் பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்துக்கறாரு. எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போனாலும் வர்றாரு."*

*நீங்கள் என்ன சொல்வீர்கள்?*

*அ. "கவலைப்படாதம்மா. நாளைக்கே அவனைக் கூப்பிட்டு உன் முன்னாடி கண்டிக்கிறேன்."*

*ஆ. "பஸ்ல நடக்கறது கம்பெனிக் கணக்குல வராதும்மா. டவுன் பஸ்ஸே நல்லது."*

*இ. "இதுக்குக் கமிட்டி இருக்கும்மா. எப்படிச் சொல்றதுன்னு காட்டறேன். வெளிய சொல்ல மாட்டேன்."*

*ஈ. "பாத்தவங்க யாராவது இருந்தா எழுதி வாங்கிட்டு வாம்மா. அப்புறம் பேசலாம்."*

எழுதும்போது கவனித்தவை: செல்வி 'துன்புறுத்தல்' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை; நிஜத்தில் யாரும் சொல்வதில்லை. பஸ்ஸை மாற்றிக்கொள்வதாகத்தான் பேச்சைத் தொடங்குகிறார். அறிகுறியை அடையாளம் காண்பதே சூப்பர்வைசரின் முதல் சோதனை. நான்கு பதிலும் ஏறத்தாழ ஒரே நீளம். சரியான பதில் மட்டும் நீளமாக, சட்ட மணத்தோடு இருந்தால் படிக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். தவறான மூன்றும் உண்மையில் நடக்கும் தவறுகள், வல்லுநர் பேட்டியிலிருந்து எடுத்தவை. "அவளைத் திட்டி அனுப்புவேன்" போன்ற ஒரு பதிலை வைத்தால் நான்கு தேர்வு மூன்றாகிவிடும். அதை எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். 'மேற்கண்ட அனைத்தும்' என்பதையும் வைக்காதீர்கள்.

பெயர் வைக்கும்போது ஒன்று: பாத்திரங்களின் பெயரும் பிரிவும் சேர்ந்து அந்த நிறுவனத்தில் உண்மையான ஒருவரைக் காட்டிவிடக் கூடாது. மனிதவளத் துறையைப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இந்தத் தலைப்பில் இது மிக முக்கியம்.

பதிலைத் தேர்ந்ததும் "தவறு, மீண்டும் முயலுங்கள்" என்று சிவப்பில் காட்டுவது பள்ளிக்கூட வழக்கம். விளைவைக் காட்டுங்கள். அ-வைத் தேர்ந்தால்: மறுநாள் கண்டிப்பு நடக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று லைனுக்கும் செய்தி போய்விடுகிறது, செல்வி இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரே வரியில் காரணம்: விசாரிப்பதும் தீர்ப்பதும் குழுவின் வேலை, விவரம் வெளியே போகக் கூடாது. ஆ-வைத் தேர்ந்தால்: வேலைக்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடமே. ஈ-யைத் தேர்ந்தால்: செல்வி திரும்பி வரவே இல்லை, சாட்சி தேடுவது அவர் பொறுப்பல்ல, எழுத முடியாதவருக்கு எழுத உதவுவதும் குழுவின் கடமை. சரியான பதிலுக்கும் விளைவு காட்டுங்கள். ஏன் சரி என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் தேர்ந்தவர்களும் இருப்பார்கள்.

விளக்கத்தை முதலில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பதைவிட, கேள்வியை முதலில் வைத்து விளக்கத்தைப் பின்னால் கொடுங்கள். தவறிய பிறகு படிக்கும் வரி மனதில் தங்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். பாடம் முடிந்த கையோடு வைக்கும் பத்துக் கேள்வியில் 90 மதிப்பெண் வந்ததைப் பார்த்து நிறைவடையக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

20 நிமிடத்துக்கு இப்படி 5 அல்லது 6 சூழல் போதும். ஒன்றிலாவது குற்றம் சாட்டப்பட்டவர் சூப்பர்வைசரின் நண்பராக இருக்கட்டும். ஒன்றில் அவருடைய மேலதிகாரியாக இருக்கட்டும்.

ஸ்டோரிபோர்டு: எழுத்தில்தான் எல்லாம்

பாடத்தைக் கட்டும் முன் அதைத் திரை திரையாக எழுதிவைக்கும் திட்டம்தான் ஸ்டோரிபோர்டு. வேர்டு ஆவணத்தில் ஐந்து நெடுவரிசை: திரை எண், திரையில் தெரியும் எழுத்து, குரல், படம் பற்றிய குறிப்பு, பொத்தானை அழுத்தினால் எங்கே போகும். திரை எண்ணை 010, 020, 030 என்று பத்துப் பத்தாகக் கொடுங்கள். நடுவே ஒன்று சேர்ந்தால் 025 என்று செருகலாம், ஒலிக்கோப்புகளுக்கு எல்லாம் மறுபெயர் வைக்க வேண்டியதில்லை.

திரையில் இருப்பதையே குரல் வாசிக்கக் கூடாது என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் ஆய்வுகளிலிருந்து வந்த விதி. கண்ணும் காதும் ஒரே சொற்களோடு மல்லுக்கட்டினால் கற்பது குறைகிறது. ஆனால் ஆலைச் சத்தத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல், சிறிய ஃபோனில் படிப்பவருக்குக் குரலே கேட்காமல் போகலாம். எனவே குரலை அணைத்தாலும் பாடம் முழுதாகப் புரிய வேண்டும். வசனங்களுக்கு, வேண்டும்போது காட்டி வேண்டாதபோது மறைக்கக்கூடிய எழுத்துப்பட்டி கொடுங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற ஆங்கிலக் கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தின் மூன்று சொல்லைச் சுமக்கும். கடிகாரம் வைத்து வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

ஒப்புதல் மூன்று இடத்தில், மூன்றும் எழுத்தில்: குறிக்கோள், ஸ்டோரிபோர்டு, முதல் முழு வடிவம். ஸ்டோரிபோர்டு ஒப்புதலுக்கு முன் ஒரு திரையைக்கூடக் கட்டாதீர்கள். வேர்டில் ஒரு வசனத்தை மாற்ற ஒரு நிமிடம். கட்டி முடித்த பாடத்தில் அதே மாற்றத்துக்குக் குரல், எழுத்துப்பட்டி, நேர ஒத்திசைவு என்று ஒரு மணி நேரம்.

திருத்தச் சுற்று இரண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 'சுற்று' என்றால் என்ன என்றும் எழுதுங்கள்: எல்லோருடைய குறிப்புகளையும் ஒருவர் தொகுத்து, முரண்களைத் தீர்த்து, ஒரே முறை அனுப்புவது. இல்லையென்றால் வழக்கறிஞர் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்வார், மேலாளர் அதையே எடுக்கச் சொல்வார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். "பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பினால் எழுத்து நிறம் பற்றித்தான் கருத்து வரும். "040 முதல் 070 வரை விளைவுகள் உங்கள் ஆலையில் நம்பும்படி இருக்கின்றனவா? சட்டப் பிழை ஏதும் உண்டா? வியாழன் மாலைக்குள் வேண்டும்" என்று கேளுங்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்

சாப்மன் அலையன்ஸ் என்ற பயிற்சி ஆலோசனை நிறுவனம் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓரளவு ஊடாட்டம் உள்ள ஒரு மணி நேரப் பாடத்துக்கு சராசரியாக 184 மணி நேர உழைப்பு. கருவிகள் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டாலும் மதிப்பீட்டைத் தொடங்க நல்ல இடம் அது. 20 நிமிடத்துக்கு 61 மணி நேரம். அதை இப்படிப் பிரிக்கலாம்: பேட்டியும் பகுப்பாய்வும் 8, சூழல்களும் ஸ்டோரிபோர்டும் 20, திருத்தங்கள் 6, கட்டுவது 16, குரல் 5, சோதனை 6. "பிபிடிதான் இருக்கிறதே, இரண்டு நாளில் முடியாதா?" என்று கேட்பவரிடம் இந்தப் பிரிவினையைக் காட்டினால் பேச்சு வேறு விதமாகப் போகும்.

பணத்தை 30, 40, 30 சதவீதமாக அந்த மூன்று ஒப்புதலோடு கட்டிவிடுங்கள். கடைசித் தவணையை 'எல்எம்எஸ்ஸில் ஏற்றிய பிறகு' என்று வைத்தால் அவர்களுடைய ஐடி துறையின் தாமதத்துக்கெல்லாம் நீங்கள் காத்திருக்க வேண்டும். மூலக்கோப்பு யாருக்கு, பின்னால் வரும் மொழிபெயர்ப்புக்கு என்ன கட்டணம் என்பவற்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வாடிக்கையாளர் அமெரிக்கக் கிழக்குக் கரையில் என்றால், அவர்களுடைய காலை 9 மணி கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 7.30. கூட்டத்தை அவர்கள் நேர மண்டலத்தில் பதிவு செய்யுங்கள், நாட்காட்டி தானே மாறிக்கொள்ளும். வேலையை அவர்கள் தூங்கும் நேரத்தில் முடித்து, விழிக்கும்போது கேள்வி அவர்கள் பெட்டியில் இருக்கும்படி அனுப்புவதுதான் இந்த நேர வித்தியாசத்தின் பயன். ஒரு கேள்வியை அரைகுறையாக அனுப்பினால் ஒரு முழு நாள் போய்விடும்.

வீட்டில் குரல் பதிவு

படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி எதிரொலித்தால் மூடிவிடுவார்கள். நம் வீடுகளில் சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, வெறும் கூரை என எல்லாமே எதிரொலிக்கும். துணிகள் நிறைந்த திறந்த பீரோவை நோக்கி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். மின்விசிறி, ஏசி அணைந்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிச் சத்தம் வரும் அறை வேண்டாம். வீட்டில் பதிவு செய்ய கண்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக் நல்லது, தெருச் சத்தத்தைக் குறைவாக வாங்கும். வாயிலிருந்து 15 செ.மீ., நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள்; ப போன்ற எழுத்துகளில் காற்று மோதும் சத்தம் குறையும்.

44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் கோப்பு. உச்ச ஒலி −6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். தொடங்கும் முன் 10 நொடி பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். ஆடாசிட்டி ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்க அது மாதிரியாகும். நீக்குவதை மிதமாகச் செய்யுங்கள், அதிகமானால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போலாகிவிடும். பிழை வந்தால் நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டிவிட்டு வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். வெட்டும்போது அலைவடிவில் அந்த இடம் கூர்மையாகத் தெரியும். மார்கழி அதிகாலையில் ஒலிபெருக்கி இருக்கும், மாலையில் குக்கர் இருக்கும். உங்கள் தெருவின் அமைதியான இரண்டு மணி நேரத்தைக் கண்டுபிடித்து அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடத்துக்கு ஒரே நாளில் பதிந்தால் குரல் மாறாது.

கட்டும்போது

கருவியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். கிளைவிடும் சூழல்களுக்கு ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் வசதியானது, ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஃபோனில் உருட்டிப் படிக்கும் எளிய பாடத்துக்கு அதே நிறுவனத்தின் ரைஸ். காசில்லாமல் தொடங்க மூடுல் என்ற எல்எம்எஸ்ஸும், ஊடாட்டப் பயிற்சிகளைச் செய்ய உதவும் ஹெச்5பி-யும். ஹெச்5பி-யின் கிளைச்சூழல் வகையே மேலே சொன்ன பாடத்துக்குப் போதும். ஸ்டோரிலைன் கோப்பைக் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு அடைவில் திறந்து வேலை செய்யாதீர்கள், கோப்பு கெட்டுப்போகலாம். கணினியின் சொந்த வட்டில் வேலை செய்து, நாள் முடிவில் புதிய எண்ணோடு நகலெடுத்து மேகத்தில் ஏற்றுங்கள். ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். மின்சாரம் போனால் மடிக்கணினி தாங்கும், இணைப்புதான் அறுந்துபோகும்.

720பி வீடியோ நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 11 எம்பி; 20 நிமிடத்துக்கு 225 எம்பி. தொழிலாளியின் சொந்த டேட்டாவில் அதைக் கேட்பது நியாயமில்லை. நிலைப்படங்களும் 64 கிலோபிட் மோனோ ஒலியும் என்றால் ஒலிக்கு மொத்தமே 10 எம்பிக்குள் முடியும். ஆலையின் உண்மையான புகைப்படங்களை, முகம் தெரியாமல், பயன்படுத்துங்கள்; கோட்டு சூட்டுப் போட்டு வெள்ளைப் பலகை முன் சிரிக்கும் விற்பனைப் படங்கள் ஒரு லைன் சூப்பர்வைசருக்கு எதையும் சொல்வதில்லை.

தமிழ் எழுத்து தனியாகத் தொல்லை கொடுக்கும். பழைய பிபிடி பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது பொருளற்ற ரோமன் எழுத்துகளாக வரும்; முதலில் யூனிகோடாக மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், எல்லாத் திரையிலும் தெளிவு. அடோபி மென்பொருள்களில் 'கொ', 'கெ' எல்லாம் கொம்பு இடம் மாறி உடைந்து வந்தால், அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான உரை இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரி இடைவெளி 1.4 மடங்காவது வேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டும். ஆங்கிலத்திலிருந்து வரும் பாடமானால் எழுத்துப் பெட்டிகளில் 40 சதவீதம் கூடுதல் இடம் விடுங்கள். படத்துக்குள் எழுத்தைப் பதிக்கவே பதிக்காதீர்கள். ஒடியா வரும் நாளில் எல்லாப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும். இது இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான வழிகாட்டு நெறிகளான டபிள்யுசிஏஜி-யின் அளவு. சரி, தவறை நிறத்தால் மட்டும் காட்ட வேண்டாம், பச்சை சிவப்பு பிரித்தறியாதவர்கள் உண்டு. இழுத்துப் பொருத்தும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடலாம்: சிறிய திரையில் விரல் நழுவும், விசைப்பலகையை மட்டும் நம்புபவரால் பெரும்பாலும் செய்ய முடியாது, முடிவெடுக்கவும் பழக்குவதில்லை.

ஏற்றும் நாளில் கெடுபவை

ஸ்கார்ம் 1.2 என்பது 2001இல் வந்தது. இன்றும் பெரும்பாலான எல்எம்எஸ்களில் சிக்கலில்லாமல் ஓடுவது அதுதான். கெடும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் இவையே.

ஜிப் கோப்பை ஏற்றினால் 'மேனிஃபெஸ்ட் இல்லை' என்று வரும். காரணம்: ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அடைவையே மறுபடி ஜிப் செய்திருப்பீர்கள். ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு ஜிப்பின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும், ஓர் அடைவுக்குள் இருக்கக் கூடாது. உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள். கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் வேண்டாம்.

பாதியில் விட்டுத் திரும்பி வருபவருக்குப் பாடம் முதலிலிருந்து தொடங்கும். காரணம்: 1.2 பதிப்பில் நிலையைச் சேமிக்க 4,096 எழுத்துதான் இடம். நீண்ட பாடத்தில் அது நிரம்பிவிடும். பாடத்தை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது எல்எம்எஸ் ஏற்றால் ஸ்கார்ம் 2004இன் 3ஆம் அல்லது 4ஆம் பதிப்புக்கு மாறுங்கள்.

முடித்தவருக்கு 'முடிக்கவில்லை' என்று காட்டும். காரணம்: 'நன்றி' திரை வரை வந்தால்தான் நிறைவு என்று வைத்திருப்பீர்கள், அதற்கு முன்பே மூடிவிடுகிறார்கள். கடைசிச் சூழலின் முடிவிலேயே நிறைவைப் பதியுங்கள். எல்எம்எஸ் 'தேர்ச்சி' என்ற நிலையை எதிர்பார்க்கும்போது பாடம் 'நிறைவு' என்று அனுப்புவதும் நடக்கும். எது வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் ஸ்கார்ம் பாடங்களைச் சோதிக்கும் ஸ்கார்ம் கிளவுட் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஓடி அவர்களுடைய எல்எம்எஸ்ஸில் ஓடவில்லை என்றால் சிக்கல் பாடத்தில் இல்லை என்று ஆதாரத்தோடு சொல்லலாம். பிறகு விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு ஃபோனில், வைஃபையை அணைத்து, முதலிலிருந்து கடைசி வரை நீங்களே படியுங்கள். எல்லாத் தவறான பதிலையும் ஒருமுறை தேர்ந்து பாருங்கள். உடைந்த கிளைகள் பெரும்பாலும் யாரும் போகாத அந்த வழிகளில்தான் இருக்கும்.

ஏற்றிய பிறகு

3ஆம் நாள், 10ஆம் நாள், 30ஆம் நாள் ஒரு புதிய சூழலை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏற்பாட்டையும் பாடத்தோடு சேர்த்தே விலை பேசுங்கள். ஒவ்வொன்றும் நான்கு வரி, ஒரு கேள்வி. 30ஆம் நாளில் வரும் பதில்தான் நம்பத்தக்க மதிப்பெண்.

பயிற்சியின் பலனை அளக்க கிர்க்பாட்ரிக் 1959இல் சொன்ன நான்கு படிகளில் பெரும்பாலான நிறுவனங்கள் முதலாவதிலேயே நின்றுவிடுகின்றன: "பாடம் பிடித்ததா?" இந்தப் பாடத்துக்கு அது எதையும் சொல்லாது. குழுவிடம் கேளுங்கள்: வந்தவர்களில் எத்தனை பேரைச் சூப்பர்வைசர்கள் வழிகாட்டி அனுப்பினார்கள்? சம்பவத்துக்கும் புகாருக்கும் நடுவே எத்தனை நாள் ஆனது, முன்பு எத்தனை? எண்ணிக்கை மட்டும் போதும், பெயரோ விவரமோ உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றை ஒப்பந்தம் போடும் நாளிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லி, எழுத்திலும் வைத்துவிடுங்கள். பாடம் வேலை செய்தால் முதல் சில மாதங்களில் புகார்கள் கூடலாம். இதுவரை டவுன் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தவர்கள் இப்போது குழுவிடம் வருகிறார்கள் என்பதே அதற்குப் பொருளாக இருக்கக்கூடும். இதை முன்கூட்டியே கேட்டிராத நிர்வாகம், "பயிற்சிக்குப் பிறகுதான் பிரச்சினை அதிகமாகிவிட்டது" என்று பாடத்தை எல்எம்எஸ்ஸிலிருந்து எடுத்துவிடும்.